நானே கூட்டிய கணிப்பொறி!



"கம்ப்யூட்டர் நீயே செஞ்சியா? சும்மா அளக்காத!" என்று என் வகுப்பில் கேட்காத ஆள் கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதனால் இந்தச் சுவர் இதழில் எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். முதலில் ஒரு உண்மை. நான் கம்ப்யூட்டரைச் "செய்யவில்லை". பாகங்களை வாங்கி, கூட்டினேன். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள்ளே எவ்வளவு பயம் இருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

எதற்காக இந்த வேலை?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. திருநெல்வேலியில் இருக்கும் என் மாமா வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சாண் உயரம்தான். ஆனால் மாமாவின் கம்ப்யூட்டர் கேபினட் தரையில் இருந்தது. 2009-ல் மாமா சென்னையில் வேலை பார்த்தபோது ரிச்சி தெருவில் பாகம் பாகமா வாங்கிக் கூட்டியது அது.

தண்ணீர் வடிந்ததும் மாமா ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஈரத்தோட பிளக்கைச் சொருகவில்லை. நேரே கடைக்குக் கொண்டு போனார்கள். "போர்டு முழுக்க சகதி, அரிச்சுப் போச்சு. ஹார்ட் டிஸ்க் மேல் தட்டுல இருந்ததால தப்பிச்சிருக்கு" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஹார்ட் டிஸ்கில்தான் எங்க தாத்தாவின் போட்டோக்கள் இருந்தன. தாத்தா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வேறு எங்கேயும் நகல் கிடையாது. கடையிலேயே கொடுத்தால் எடுத்துத் தருவார்கள்தான். ஆனால் ஆச்சி விடவில்லை. "எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் தன் சீட்டுப் பணம் 20,000 ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்து, "ஏட்டி, நீ கம்ப்யூட்டர் குரூப்புதான எடுக்கப் போற? நீயே ஒண்ணு செஞ்சு, தாத்தாவக் காட்டு" என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது.

பாகங்களும் விலையும்

2024 மே மாதம், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. அம்பாசமுத்திரம் வழியா பஸ் ஏறி மாமாவுடன் திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தோம். கணக்கு இதோ:

1. பிராசஸர் (ஏஎம்டி ரைசன் 5 5600ஜி) – ரூ. 11,500
2. மதர்போர்டு (ஏ520 வகை) – ரூ. 5,000
3. ராம் 8 ஜிபி – ரூ. 1,700
4. எஸ்.எஸ்.டி. 500 ஜிபி – ரூ. 3,000
5. எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் – ரூ. 2,300
6. கேபினட் – ரூ. 1,900
7. கீபோர்டு, மவுஸ் – ரூ. 700

ஆக மொத்தம் ரூ. 26,100. மீதி 6,100 ரூபாயை மாமா போட்டார்கள். மானிட்டர் வாங்கவில்லை. பழைய மானிட்டர் மேஜை மேல் இருந்ததால் தப்பித்தது. அதற்கு ஏற்ற பழைய வகை சாக்கெட் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கினோம். (இது 2024 விலை. நீங்கள் வாங்கும் அன்றைக்கு மாறியிருக்கும். இரண்டு மூன்று கடையில் விசாரித்து வாங்கவும்.)

எது என்ன வேலை செய்கிறது?

பிராசஸர்தான் மூளை என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். உள்ளங்கையில் பாதி கூட இல்லை. அதற்குள்ளே 1,000 கோடிக்கும் மேல் டிரான்சிஸ்டர்கள்! நான் வாங்கிய வகையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதியும் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம்.

ராம் என்பது நாம் கணக்குப் போடும் ரஃப் நோட்டு மாதிரி. கரண்ட் போனால் எழுதினது போச்சு. எஸ்.எஸ்.டி. என்பது ஃபேர் நோட்டு. எழுதினது அப்படியே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்கும் ஃபேர் நோட்டுதான். ஆனால் அதற்குள் தட்டு சுற்றும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற சமாச்சாரமே கிடையாது. மதர்போர்டு இவை எல்லாவற்றையும் இணைக்கும் பஸ் ஸ்டாண்டு.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி நம்ம ஊர்க்காரங்களுக்கு லேசா சொல்லிவிடலாம். 1944-லிருந்து நம்ம பாபநாசம் பவர் ஹவுஸில் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட், ஒரே திசையில் ஓடும் டி.சி. அணைத் தண்ணீரை அப்படியே வயலுக்குள் திறந்தால் பயிர் நிற்குமா? கால்வாய், மடை, வாய்க்கால் என்று குறைத்துத்தானே விடுகிறோம்! அந்த மடைதான் எஸ்.எம்.பி.எஸ். இதில் மட்டும் மட்டமான சரக்கு வாங்கக் கூடாது. இது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும்.

சரி, வேறு வேறு கம்பெனிப் பொருள்கள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன? 1981-ல் ஐபிஎம் கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்தது. மற்றவர்களும் அதைப் பார்த்து அதே மாதிரி செய்தார்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி "ஏடிஎக்ஸ்" என்ற அளவு முறையைக் கொண்டு வந்தது. போர்டில் ஓட்டை எங்கே, கரண்ட் ஒயர் எப்படி என்பதற்கெல்லாம் ஒரு பொது விதி. எந்தக் கம்பெனி பல்பும் நம் வீட்டு ஹோல்டரில் மாட்டுகிற மாதிரிதான்.

கூட்டும் முறை

ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் போதும். முதலில் கேபினட்டின் இரும்பைத் தொட வேண்டும். நம் உடம்பில் நிலை மின்சாரம் இருக்கும். (பலூனைத் தலையில் தேய்த்தால் முடி எழும்புமே, அது!) நமக்குத் தெரியாது, ஆனால் சிப்புக்கு அது இடி.

பிராசஸர்: இதன் அடியில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வம்பு. ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். போர்டு சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் சேர்த்து, பக்கத்துக் கம்பியைத் தூக்கிவிட்டு, மெதுவா வைத்தால் தானே உட்காரும். அமுக்கவே கூடாது. உட்கார்ந்த பிறகு கம்பியைக் கீழே இறக்கிப் பூட்ட வேண்டும்.

விசிறி: பிராசஸரோடு வந்த விசிறியின் அடியில் சாம்பல் நிறப் பசை தடவியே இருக்கும். சூட்டைக் கடத்துவதற்கு. அதில் விரல் வைக்காதீர்கள். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமா முறுக்க வேண்டும். லாரி டயர் நட்டு முறுக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறை. போர்டில் முதலில் இருக்கும் பிளாஸ்டிக் தாங்கியைக் கழற்றும்போது பின்பக்கத் தகடு கீழே விழுந்துவிடும். எனக்கு "டங்"கென்று விழுந்து உயிரே போய்விட்டது. கையால் பிடித்துக்கொண்டு கழற்றவும்.

எஸ்.எஸ்.டி.: சாய்வாகச் சொருகி, படுக்க வைத்து, ஒரு குட்டி ஸ்க்ரூ.

ராம்: இதில் ஒரு வெட்டு இருக்கும். அது சரியாகப் பொருந்தும் பக்கம் பார்த்து, இரண்டு முனையையும் கட்டை விரலால் அமுக்க வேண்டும். (இதைப் பற்றிப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.)

கேபினட்: போர்டை மாட்டுமுன் பித்தளைக் குட்டித் தூண்களை ஓட்டைக்கு நேராக மாட்ட வேண்டும். இல்லையென்றால் போர்டின் முதுகு இரும்பில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். பின்பக்கத் தகடையும் முதலிலேயே வைக்க வேண்டும். நான் மறந்துபோய், எட்டு ஸ்க்ரூ போட்ட பிறகு எல்லாத்தையும் கழற்றி மறுபடி மாட்டினேன்.

ஒயர்கள்: போர்டுக்கு 24 ஊசி உள்ள பெரிய ஒயர். பிராசஸருக்குத் தனியாக இன்னொன்று, மேல் மூலையில். இதை நிறையப் பேர் மறப்பார்களாம். கடைசியாக, முன்பக்க பட்டனுக்கும் விளக்குக்கும் உள்ள குட்டி குட்டி ஒயர்கள். பட்டன் ஒயரை எப்படி மாட்டினாலும் சரி. விளக்கு ஒயருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். (பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன், பார்க்கவும்.)

இருட்டுத் திரை

காலை 10 மணிக்கு ஆரம்பித்தது, சாயங்காலம் 4 மணி ஆகிவிட்டது. ஆச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பட்டனை அமுக்கினேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. ஆனால் மானிட்டரில் ஒன்றுமே இல்லை. இருட்டு.

"என்னட்டி, ஓடலையா?" என்றார்கள் ஆச்சி.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 26,100 ரூபாய்! அதில் 20,000 ஆச்சி மாசா மாசம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா திட்டவில்லை. "மொதல்ல பிளக்கப் பிடுங்கு. தண்ணி குடி. அப்புறம் போர்டுல சின்ன விளக்கு ஏதாச்சும் எரிஞ்சுதான்னு யோசிச்சுப் பாரு" என்றார்கள்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். அதில் ராம் என்பதற்கான விளக்கு மட்டும் அணையாமல் நின்றது. போர்டு தன் வாயாலேயே எங்கே வலிக்கிறது என்று சொல்கிறது! நான்தான் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்ச கரண்டை இறக்கிவிட்டு, ராமை உற்றுப் பார்த்தேன். ஒரு முனைதான் உட்கார்ந்திருந்தது, மறு முனை நூல் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் சரியா அமுக்கவில்லை. எடுத்துத் திரும்ப வைத்து அமுக்கினேன். "டக்" என்று சத்தம் வந்தது.

பட்டன். விசிறி. விளக்கு. அரை நிமிஷம் கழித்துத் திரையில் எழுத்து!

பிராசஸர் ஊசியை அமுக்கக் கூடாது, ராமை அமுக்காமல் இருக்கக் கூடாது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்று தெரிவதுதான் இந்த வேலையே.

தாத்தா வந்தார்

மாமா பென்டிரைவில் போட்டுத் தந்திருந்த உபுண்டு லினக்ஸை ஏற்றினேன். இலவசம், திருட்டு நகல் வேண்டாம். அதிலேயே தமிழ்99 கீபோர்டும் இருக்கிறது.

தாத்தாவின் டிஸ்கை நான் அதுவரை தொடவில்லை. புது எஸ்.எம்.பி.எஸ்., புது ஆள், எல்லாமே புதுசு. ஏதாவது கோளாறு என்றால் டிஸ்கும் சேர்ந்து போய்விடும். அதனால் இரண்டு நாள் கம்ப்யூட்டர் நல்லா ஓடுகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் நாள், அணைத்துவிட்டு, "சாட்டா" ஒயரில் டிஸ்கை மாட்டினேன். 2009-லும் இன்றும் அந்த ஒயர் ஒரே வகை என்பதால் பொருந்தியது. இன்னும் பழைய, அகலப் பட்டை ஒயர் டிஸ்க் என்றால் என் போர்டில் மாட்டவே இடம் கிடையாது.

காதை வைத்துக் கேட்டேன். "டக் டக்" என்று தட்டினால் கெட்ட சகுனம். "உய்ங்" என்று சீராகச் சுற்றியது. திரையில் ஒரு போல்டர். உள்ளே தாத்தா! கோயில் படித்துறையில் தலை துவட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

ஆச்சி கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் பேசவில்லை. "கொஞ்சம் பெருசாக்குட்டி" என்றார்கள். பெரிதாக்கினேன். அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே எல்லாப் படத்தையும் எஸ்.எஸ்.டி.க்கும், ஒரு பென்டிரைவுக்கும் நகல் எடுத்து, பென்டிரைவை மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் இன்னொரு வீட்டில் தாத்தா இருப்பார்.

நண்பர்களுக்கு நான்கு வார்த்தை

* கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். ஸ்டூல் மேல் வையுங்கள்.
* நனைந்த மின்சாதனத்துக்கு உடனே கரண்ட் கொடுக்காதீர்கள்.
* ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். எர்த் உள்ள மூன்று துளை பிளக்கில் மட்டும் சொருகுங்கள்.
* முக்கியமான படம், சான்றிதழ் எதுவானாலும் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். இன்றைக்கே!

பக்கத்து வீட்டு அத்தை, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஸ்க்ரூ டிரைவர் வேலை?" என்று கேட்டார்கள். போன வாரம் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். ராம்தான்!

உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். சேர்ந்தே திறந்து பார்ப்போம்.

– பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி

உங்களுக்குத் தெரியுமா?
1975-ல் அமெரிக்காவில் "ஆல்டேர் 8800" என்ற கம்ப்யூட்டரைப் பாகங்களாக விற்றார்கள். வாங்கியவர்களே ஈயப்பற்று வைத்துக் கூட்ட வேண்டும். அதனோடு வந்த நினைவகம் 256 பைட் மட்டுமே. இந்தக் கட்டம் முழுவதையும் தமிழில் தட்டச்சு செய்தால் அதற்குள் அடங்காது!