நுகத்தில் பூட்டிய இரு ஏற்பிகள்

கெங்கவல்லி பக்கம் மரவள்ளி பிடுங்கும் வேலை இடுப்பைப் பதம் பார்க்கும் வேலை. குச்சியை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் கட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கால்களை மண்ணில் ஊன்றி, குனிந்து இழுக்க வேண்டும். பொழுது சாயும்போது “இடுப்பு விட்டுப்போச்சு” என்பார்கள். ஆனாலும் வேலை மும்முரத்தில் அந்த வலி பல நேரம் தெரிவதே இல்லை.

உடம்பே தன் வலியைத் தணிக்க மருந்து சுரப்பது இதற்கு ஒரு காரணம். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அப்படியொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் என்கெஃபலின். 5 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். நரம்பு செல்கள் இப்படிச் சுரக்கும் சரங்களே நரம்புப் பெப்டைடுகள். செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஏற்பி என்னும் புரதத்தில் இவை பொருந்தினால்தான் வேலை நடக்கும். மியூ, டெல்டா, கப்பா என்பவை வலி தணிக்கும் ஏற்பிகளில் முக்கியமானவை. அபினியிலிருந்து கிடைக்கும் மார்ஃபின் பெரும்பாலும் மியூவைப் பிடித்துத்தான் வலியை அடக்குகிறது.

ஒவ்வொரு ஏற்பியும் தனியாள் என்றே நெடுங்காலம் பாடம் நடந்தது. அந்தப் பாடத்தை மாற்றியவர்களில் ஒருவர் லட்சுமி தேவி. இந்தியாவிலிருந்து கனடா சென்று வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர்.

1999இல் பிரையன் ஜோர்டனோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, கப்பாவும் டெல்டாவும் ஜோடி சேர்வதைக் காட்டியது. ஒற்றை மாடு நடப்பது வேறு. இரண்டை நுகத்தில் பூட்டினால் நடையே மாறிவிடும். இங்கேயும் அதுதான் நடந்தது. கப்பாவுக்கென்றே உள்ள மருந்தைத் தனியாகக் கொடுத்தால் ஜோடி அதைப் பிடிக்கவில்லை. டெல்டாவுக்கு உரியதைத் தனியாகக் கொடுத்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஒட்டின, செல்லுக்குள் போன சைகையும் வலுத்தது. ஏற்பி ஆராய்ச்சியில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு வீட்டில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: கொஞ்ச நாளில் அதே அளவு போதாமல் போகலாம். நோய் வளர்வது ஒரு காரணம், உடம்பு மருந்துக்குப் பழகுவது மற்றொன்று. நீண்டநாள் மார்ஃபின் கொடுத்த எலிகளின் மூளையில், வலியோடு தொடர்புடைய சில பகுதிகளில், மியூ–டெல்டா ஜோடி பெருகுவதை தேவியின் குழு 2010இல் கண்டது. 2013இல் அந்த ஜோடியைக் குறிவைக்கும் சிஒய்எம்51010 என்ற மூலக்கூறை அடையாளம் காட்டியது. எலிகளில் அது மார்ஃபினுக்கு இணையாக வலியை அடக்கியது. தொடர்ந்து கொடுத்தபோது உடம்பு அதற்குப் பழகியது குறைவு.

அதே ஆண்டு இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. எந்தப் பெப்டைடுக்கு உரியது என்றே தெரியாமல் கிடந்த ஜிபிஆர்171 என்ற ஏற்பிக்கு பிக்லென் என்ற பெப்டைடு பொருந்துவதை அவர் குழு கண்டுபிடித்தது. முதலில் பசியோடு சேர்த்துப் பேசப்பட்ட ஏற்பி அது. அதைத் தூண்டினால் மார்ஃபினின் வலி தணிக்கும் திறன் கூடுவதைப் பின்னால் வந்த எலி ஆய்வுகள் காட்டின. குறைந்த மார்ஃபினில் கூடுதல் நிம்மதி தர முடியுமா என்ற தேடலுக்கு அது ஒரு புதிய வழி.