நாடாளாத சாலியனின் நீங்காப் புகழ்

கொழும்பில் கைப்பணிப் பொருட்கள் விற்கும் கடைகளில் இசுருமுனியக் காதலர் சிற்பத்தின் பிரதியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆணின் மடியில் ஒரு பெண், விரலொன்றை உயர்த்தியபடி இருப்பாள். யார் இவர்கள் என்று நான் வெள்ளவத்தையில் கேட்டாலும் கொட்டாஞ்சேனையில் கேட்டாலும், "சாலிய இளவரசனும் அசோகமாலாவும்தானே" என்ற பதில்தான் வருகிறது. ஒருநாளும் நாடாளாத ஓர் இளவரசனின் பெயர் இரண்டாயிரம் வருஷம் தாண்டி நிற்பது எப்படி?

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட துட்டகைமுனுவின் மகன்தான் சாலியன். எல்லாளனை வென்றவர் என்று பள்ளியில் படித்தோமே, அதே துட்டகைமுனு. சண்டாள குலம் என்று அன்று ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பெண் அசோகமாலா. அவள்மீது கொண்ட காதலால் சாலியன் அரசை விரும்பவில்லை என்கிறது மகாவம்சம். துட்டகைமுனுவுக்குப் பிறகு அவருடைய தம்பி சத்தாதிஸ்ஸன் 18 வருஷம் ஆண்டார். ஆண்டவரைச் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அரசை விட்டவரை எல்லாருக்கும் தெரியும்.

சிற்பத்தின் கதை வேறு. அதன் பாணியை வைத்து, கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் செதுக்கப்பட்டதாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் சாலியன் காலத்துக்கு அறுநூறு வருஷத்துக்கும் பிந்தியது. கல்லில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. சனங்கள்தான் அந்தக் காதலர்களைச் சாலியனும் அசோகமாலாவுமாகப் பார்த்தார்கள். அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் சாலியபுரம் என்றொரு ஊர் உண்டு. சாலிய என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் சிங்கள வீடுகளில் இன்றும் இருக்கிறது.

இந்தப் புகழில் எங்கட ஆட்களுக்கும் பங்கிருக்கிறது. 1947இல் 'அசோகமாலா' வெளிவந்தது. சிங்களத்தில் வந்த இரண்டாவது பேசும்படம் அது. அதற்கு இசையமைத்தவர் முஹம்மது கௌஸ். அந்தப் படத்தில்தான் மொஹிதீன் பேக் முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாடினார். தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்தவர் அவர். 1991இல் மறையும்வரை முஸ்லிமாகவே வாழ்ந்த அவருடைய குரலில் வந்த பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கின்றன.

துட்டகைமுனு, எல்லாளன் என்ற பெயர்களை வைத்து இந்த நாட்டில் எத்தனையோ வேலி போட்டிருக்கிறார்கள். குல வேலியைத் தாண்டிய மகனின் கதையோ ஒரு சிங்களப் படமாகி, முஸ்லிம் கலைஞர்களின் இசையோடு எல்லா வீட்டுக்கும் போனது. பழைய சரித்திரம் வேறு யாருடையதோ என்று எங்கட பிள்ளைகள் ஒதுங்கிவிடக் கூடாது. அசோகமாலாவையும் சாலியனையும் சொல்லிக் கொடுக்கும்போது, கௌஸ் மாஸ்டரையும் பேக்கையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.