செம்மறியின் மௌன வேதனை

பிரிட்டனில் செம்மறிகள் பெரும்பாலும் வசந்த காலத்தில் குட்டி ஈனுகின்றன. ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் சில ஆடுகளுக்கு யோனி வெளியே தள்ளிவிடும். ஈன்றபின் கருப்பையே வெளிவருவதும் உண்டு.

அதைக் கழுவி உள்ளே தள்ளிவிட்டால் போதாதா? போதாது. வீங்கிய உறுப்பு வலிக்கிறது. வலியால் ஆடு முக்குகிறது. முக்க முக்க உறுப்பு மீண்டும் வெளிவருகிறது. தையல் போட்டாலும் முக்கலில் அது கிழியக்கூடும். ஆகவே, முதலில் நிறுத்த வேண்டியது முக்கலையே.

இதற்குக் கால்நடை மருத்துவர்கள் கையாளும் முறை யாது? வாலை மேலும் கீழும் அசைத்து, அதன் அடியில் எலும்புகளுக்கு இடையேயுள்ள சிறு பள்ளத்தைக் கண்டுபிடிப்பர். அவ்விடத்து மயிரைக் கத்தரித்துச் சுத்தம் செய்து, முதுகெலும்புக் குழாய்க்குள் மருந்தை ஊசியால் செலுத்துவர். மருந்து தண்டுவட உறைக்கு வெளியே பரவி, பின்பகுதி நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. 1901ஆம் ஆண்டில் பாரிசில் சிக்கார், கத்தலின் என்னும் இருவர் தனித்தனியே மனிதருக்கென வெளியிட்ட முறையின் வழிவந்ததே இது.

சில நிமிடங்களில் வால் தொய்கிறது, முக்கல் அடங்குகிறது. அளவு மிகாவிடில் ஆடு நின்றபடியே இருக்கும். புரோக்கேன், லிக்னோக்கேன் போன்ற மருந்துகளின் பயன் ஓரிரு மணி நேரமே. லிக்னோக்கேனுடன் சிறிதளவு சைலசினும் சேர்த்தால் அது ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கக்கூடும்.

செம்மறி வலியை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. அது கத்தவில்லை என்பதற்காக அதற்கு வலியில்லை என்று கொள்ளலாமா? வலியைப் போக்குவது இங்கே இரக்கச் செயல் மட்டுமன்று. சிகிச்சையின் முதற்படியும் அதுவே.