"ஓரிரு இடங்களில் கனமழை": அந்த ஓரிடம் நம்ம மலையா?

"திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு." இந்த மாதிரி வாக்கியத்தை நாம எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். கேட்டுட்டு ஒண்ணு குடையை எடுப்போம், இல்லேன்னா "இவங்க சொன்னா வராதுப்பா" என்று விட்டுடுவோம். அடி அண்ணாமலையில் சொட்டு மழை இல்லை, செங்கத்தில் கொட்டித் தீர்த்தது என்றால், கணிப்பு பொய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரையறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால், எதை நம்பலாம், எதை எதிர்பார்க்கவே கூடாது என்பது பிடிபடும். மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சொற்களின் கணக்கு

முதலில் "கனமழை". இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறுவதில்லை. அதனால்தான் ஞாயிறு இரவு பெய்த மழை திங்கட்கிழமைக் கணக்கில் வருகிறது.

அடுத்து "ஓரிரு இடங்களில்". அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் மட்டும் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை, "அநேக இடங்களில்" என்றால் முக்கால்வாசி வரை, "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். ஆக, "ஓரிரு இடங்களில் கனமழை" என்று சொல்லும்போதே முக்கால்வாசி இடங்களில் கனமழை இருக்காது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நம்ம தெருவில் பெய்யவில்லை என்பது அந்தக் கணிப்புக்கு எதிரான சாட்சி ஆகாது.

மேற்கே மலை கூப்பிடுகிறது, இங்கே வெயில் கூப்பிடுகிறது

மழையைக் கணிப்பது எல்லா ஊரிலும் ஒரே அளவு கஷ்டம் இல்லை. கொங்கண் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று அடிக்கிறது. குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழி இல்லை. ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் மழை. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புணேவில் 700 மி.மீ. சொச்சம்தான். அங்கே கணிப்பாளருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது: அடுத்த மூன்று நாள் மேற்குக் காற்று எவ்வளவு வலுவாக இருக்கும், கரையோரமாகக் காற்றழுத்தத் தாழ்வுப் பட்டை விழுகிறதா, வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவாகி மேற்கே இழுக்கிறதா என்று பார்த்தால் மழையின் பொதுப் போக்கைச் சொல்லிவிடலாம்.

அங்கேயும் "எந்த இடத்தில் எவ்வளவு" என்று கேட்டால் தடுமாற்றம்தான். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 944 மி.மீ. பெய்தது. அதே நகரத்தின் தென்கோடியில் இருக்கும் கொலாபாவில் 73 மி.மீ. ஒரே ஊர், ஒரே நாள், பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மி.மீ. தமிழ்நாடு என்றாலே வடகிழக்குப் பருவமழைதான் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் நம்ம மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் ஏறக்குறைய சம பங்கு தருகின்றன. இரண்டும் பெய்யும் விதம் வேறு வேறு.

தென்மேற்குக் காலத்தில் நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். மேற்கேயிருந்து வரும் காற்று ஈரத்தை மலையிலேயே இறக்கிவிட்டு, காய்ந்துபோய் வருகிறது. அப்புறம் எப்படி மழை? பகலெல்லாம் வெயில் தரையைச் சுட வைக்கிறது. கிழக்கே சுமார் 90 கி.மீ. தள்ளி இருக்கும் கடலிலிருந்து ஈரமான கடல்காற்று மெல்ல உள்ளே வருகிறது. அதுவும் மேற்குக் காற்றும் மோதும் இடத்தில், அல்லது ஜவ்வாது மலைச் சரிவில் சூடேறி எழும் காற்றில், இடிமேகம் கிளம்புகிறது. அப்படி ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டு முடிந்துபோகும். அது விடும் குளிர்காற்று பக்கத்தில் இன்னொரு மேகத்தைக் கிளப்பிவிடும். அதனால்தான் மாலை 5 மணிக்கு வடமேற்கே இருட்டினால், 7 மணிக்கு இங்கே வரலாம், வராமலும் போகலாம். இந்த மழைக்கு "நாளை மாலை இடியுடன் மழை வாய்ப்பு" என்பதற்கு மேல் முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று ஒரு செல்போன் செயலி மணிக்கணக்காகப் பட்டியல் போட்டால், அதை ஜோசியம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையை விடப் பெரிய கட்டம்

இந்த வரம்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு மென்பொருள்காரனாகப் பார்க்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. வானிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பம், ஒரு ஈரம், ஒரு காற்று என்று கணக்குப் போடுகின்றன. நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட உலகளாவிய மாதிரியின் கட்டம் சுமார் 12 கி.மீ. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பு அதை 6 கி.மீ. ஆக்கியது.

கிரிவலப் பாதை 14 கி.மீ. அதை ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால் விட்டம் நாலரை கி.மீ. தான். அதாவது முழு அண்ணாமலையும் 6 கி.மீ. கட்டம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். பெரிய கோயிலும் அடி அண்ணாமலைக் கோயிலும் அந்த மாதிரிக்கு ஏறக்குறைய ஒரே புள்ளி. 814 மீட்டர் உயர மலை, சுற்றியுள்ள சமவெளியோடு சராசரியாகிக் கரைந்துபோகிறது. மலைக்குக் கிழக்கே பெய்யுமா, மேற்கே பெய்யுமா என்று அதனிடம் கேட்பது, மாவட்ட வரைபடத்தில் நம்ம வீட்டுத் திண்ணையைத் தேடுவது மாதிரி.

ரேடார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சென்னை ரேடார் 2002-லிருந்து வேலை செய்கிறது. காரைக்காலிலும் ஒன்று இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் சென்னை நமக்கு சுமார் 160 கி.மீ., காரைக்கால் சுமார் 170 கி.மீ. ரேடார் கற்றையை அரை டிகிரி மேல்நோக்கி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நம் தலைக்கு மேல் வரும்போது அந்தக் கற்றை தரையிலிருந்து ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்தில் போகிறது. பெரிய இடிமேகத்தை அது நன்றாகவே பார்க்கும். அதற்குக் கீழே நடப்பதைப் பார்க்காது. ஆனாலும் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு இதைவிட நல்ல கருவி நமக்கு இல்லை.

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

இனி வடகிழக்குக் காலம். இங்கே மழை பெரும்பாலும் வங்கக்கடல் தாழ்வுகளோடு வருகிறது. மேகக்கூட்டம் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம் என்பதால், மூன்று நான்கு நாள் முன்னாலேயே "வருகிறது" என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது இரண்டு: எங்கே கரை கடக்கும், எவ்வளவு நேரம் தங்கும்.

2024 நவம்பர் 29 பிற்பகலில் ஃபெஞ்சல் புயலானது. 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று வேகம் மணிக்கு 70, 80 கி.மீ. அளவுதான்; புயல்களில் இது சாது ரகம். ஆனால் கரை கடந்த பிறகு பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. தாழ்வை ஓட்டிக்கொண்டு போவது மேல்மட்டக் காற்று. அது இரு பக்கமும் சமமாக இழுத்தால், தாழ்வு நடுவில் மாட்டிக்கொள்ளும். மொத்த மழை என்பது பெய்யும் வேகம் பெருக்கல் பெய்யும் நேரம். வேகம் சாதாரணமாக இருந்தாலும் நேரம் நீண்டால் தொகை எகிறும். புயலின் காற்று வேகத்தை வைத்து மழையை எடை போட்டால் ஏமாந்துபோவோம்.

டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையிலும் சுமார் 50 செ.மீ. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மயிலம் நமக்குக் கிழக்கே 60 கி.மீ., ஊத்தங்கரை மேற்கே 60 கி.மீ. அந்த மழை கிழக்கிலிருந்து மேற்கே போன பாதையின் நட்டநடுவில் நம்ம மலை இருக்கிறது.

ஊத்தங்கரைப் பக்கம் பெய்தது பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூருக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அணையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி. அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், காலி அணைகூட 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஏற்கெனவே நிறைந்துகொண்டிருந்த அணைக்கு அவகாசம் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பே, டிசம்பர் 1 மாலை, அண்ணாமலைச் சரிவு வ.உ.சி. நகரில் இறங்கியது. பாறையும் மண்ணும் ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று வந்த கார்த்திகை தீபத்துக்கு, பாதுகாப்புக் கருதி, பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

இந்தச் சரிவு இந்த மணிக்கு இறங்கும் என்று எந்த வானிலை மாதிரியும் சொல்லாது. அதன் கண்ணுக்கு மலையே தெரியவில்லை என்று மேலே பார்த்தோம். ஆனால் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரியும்: மலை எவ்வளவு குடித்திருக்கிறது என்பது. கிரிவலப் பாதைக்குள் இருக்கும் பரப்பு, வட்டக் கணக்கில், சுமார் 15 சதுர கி.மீ. அதில் 1 செ.மீ. மழை பெய்தாலே 15 கோடி லிட்டர் தண்ணீர். முதலில் பெய்வதை மண் உறிஞ்சிக்கொள்ளும். மண் நிறைந்த பிறகு, தண்ணீர் மண்துகள்களுக்கு இடையே அழுத்தம் கொடுத்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. காய்ந்த மலையில் பெய்யும் 10 செ.மீ.யும், ரெண்டு நாள் ஊறிய மலையில் பெய்யும் 10 செ.மீ.யும் ஒன்றல்ல. நாளைய கணிப்பை நேற்றைய மழையோடு கூட்டித்தான் படிக்க வேண்டும்.

எதை எப்போது பார்க்கலாம்

பருவக் கணிப்பு: ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுக்க சராசரி 87 செ.மீ., அதில் இத்தனை சதவீதம் என்று வரும் செய்தி. விவசாயக் கொள்கைக்கும் அரிசி விலைக்கும் முக்கியம். நம்ம கிணற்றுக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

ஐந்து முதல் ஏழு நாள்: வடகிழக்குக் காலத்தில் "ஏதோ வருகிறது" என்று தெரிந்துகொள்ள. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 50 முறை ஓட்டிப் பார்க்கிறது. 50 பாதைகளும் ஒன்றாகப் போனால் நம்பிக்கை கூடும். விசிறி மாதிரி விரிந்தால், ஒரே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரை நம்ப வேண்டாம்.

ஒன்று முதல் மூன்று நாள்: மாவட்ட வாரியான வண்ண எச்சரிக்கை. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. திட்டமிட இதுதான் சரியான அளவு.

மூன்று மணி நேரம்: ரேடார் படமும் உடனடிக் கணிப்பும். தென்மேற்குக் காலத்து மாலை மழைக்கு இது ஒன்றுதான் உருப்படி.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்ப் பக்கச் சுவர் உள்ள ஒரு பாத்திரத்தை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் ஆழத்தை அளந்து எழுதிவிட்டுக் கொட்டுங்கள். அந்த ஆழம்தான் மழையளவு. வேறு கணக்கே வேண்டாம். மூன்று நாள் கூட்டுத்தொகை உங்கள் கையில் இருக்கும். எந்தச் செயலியிடமும் இல்லாத தகவல் அது.

சரிவை ஒட்டி வீடு இருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். பாத்திரம் ரெண்டு நாளாக நிறைகிறது, ஆரஞ்சோ சிவப்போ இன்னும் நீடிக்கிறது, மேலேயிருந்து வரும் தண்ணீர் திடீரென்று சேறாக வருகிறது அல்லது வந்துகொண்டிருந்த ஓடை சட்டென்று நின்றுபோகிறது என்றால், மழை விடட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அன்று இரவு சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் நஷ்டம்.