மணல்வீடு கட்டும் மன்றங்கள்

மணலைக் கண்டால் பிள்ளைகளின் கை சும்மா இராது. இது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்தைப் பாடிய புலவர்கள், கடற்கரையில் சிறுமியர் ஆடிய விளையாட்டுகளைப் பலமுறை குறிப்பிட்டுள்ளனர். மணலில் சிறுவீடு கட்டுவதைச் 'சிற்றில் இழைத்தல்' என்றனர். ஈர மணலைப் பிடித்துச் செய்த பொம்மையை 'வண்டற்பாவை' என்று அழைத்தனர். வளையை நோக்கி ஓடும் நண்டைத் துரத்தி விளையாடுவது 'அலவனாட்டல்' எனப்பட்டது. பிற்காலத்தில் தோன்றிய ஆண்பாற் பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றில் ஒரு தனிப் பருவமாகவே அமைந்தது. தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கெஞ்சுவதாக அப்பருவத்துப் பாடல்கள் அமையும்.

அந்த விளையாட்டுகளுக்கு அட்டவணை இல்லை, பயிற்றுவிப்பாளரும் இல்லை. பிள்ளைகளே தொடங்கினர், அவர்களே முடித்தனர். இன்றோ, குடும்பங்கள் தங்கும் கடற்கரை உல்லாசத் தலங்களில் பிள்ளைகளுக்கென்றே மன்றங்கள் இயங்குகின்றன. காலையில் மணற்கோட்டை, நண்பகலில் கைவினை, மாலையில் புதையல் வேட்டை என்று நேரம் வகுக்கப்படுகிறது. விளையாட்டைப் பெரியவர்கள் திட்டமிட்டு நடத்தும் இவ்வழக்கம் எப்படித் தோன்றியது? அதனால் பிள்ளைகள் பெறுவது என்ன? இழப்பது என்ன?

மழையில் பிறந்த எண்ணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் தொழிலாளர் குடும்பங்கள் கோடைக்காலத்தில் கடற்கரை ஊர்களுக்குச் செல்வது வழக்கம். அவர்கள் தங்கிய விடுதி வீடுகள் சிலவற்றில், பகல் முழுதும் வெளியே இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. மழை பெய்தாலும் பிள்ளைகளுடன் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். இந்த நிலையைக் கண்ட பில்லி பட்லின் என்பவர், 1936ஆம் ஆண்டில் ஸ்கெக்னஸ் என்ற ஊரில் ஒரு விடுமுறை முகாமைத் திறந்தார். தங்குவதற்குச் சிறுவீடுகள், உணவு, விளையாட்டு எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைத்தன.

முதல் நாள்களிலேயே அவர் ஒன்றைக் கவனித்தார். வசதிகள் இருந்தும் விருந்தினர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் ஒதுங்கியே இருந்தனர். எனவே, அவர்களைச் சிரிக்க வைக்கவும் விளையாட்டுகளில் சேர்க்கவும் ஊழியர் ஒருவரை நியமித்தார். கூட்டத்தில் எளிதில் தெரிவதற்காக அந்த ஊழியர் சிவப்பு மேலங்கி அணிந்தார். அந்தச் சிவப்பு அங்கி ஊழியர்களே, இன்று உல்லாசத் தலங்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நடவடிக்கை ஏற்பாட்டாளர்களின் முன்னோடிகள் எனலாம்.

அடுத்த படியை ஐரோப்பாவின் கிளப் மெட் நிறுவனம் எடுத்துவைத்தது. 1950ஆம் ஆண்டில் மயோர்க்காத் தீவின் கடற்கரையில் கூடாரங்களுடன் தொடங்கிய அந்நிறுவனம், 1967இல் பிள்ளைகளுக்கென்றே 'மினி கிளப்' என்ற தனி மன்றத்தை உருவாக்கியது. விடுமுறை என்பது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, ஆண்டு முழுதும் உழைக்கும் தாய் தந்தையர்க்கும் தேவை என்ற எண்ணமே அதன் அடிப்படை. பிள்ளைகள் பாதுகாப்பாக விளையாடும் அந்தச் சில மணி நேரத்தில், பெற்றோர் ஒரு புத்தகத்தை முழுதாகப் படிக்கலாம், கண்ணயரலாம், தங்களுக்குள் மனம்விட்டுப் பேசலாம்.

சிங்கப்பூரின் கடற்கரைகள்

சிங்கப்பூரில் இக்கதை ஒரு பெயர் மாற்றத்துடன் தொடங்குகிறது. 'பிளாக்காங் மாத்தி' என்ற தீவில் பிரிட்டிஷ் இராணுவம் நெடுங்காலம் முகாமிட்டிருந்தது. மலாய் மொழியில் அப்பெயர் மரணத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டது. இராணுவம் வெளியேறிய பின்னர், அத்தீவை ஓய்விடமாக மாற்ற அரசாங்கம் முடிவுசெய்தது. அமைதி என்னும் பொருள்படும் 'செந்தோசா' என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1972ஆம் ஆண்டில் செந்தோசா மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணலால் சிலோசோ, பலவான், தஞ்சோங் ஆகிய கடற்கரைகள் விரிவாக்கப்பட்டன. 1993இல் சிலோசோ கடற்கரையை ஒட்டி ராசா செந்தோசா என்ற உல்லாசத் தலம் திறக்கப்பட்டது. குடும்பங்களைக் கருத்தில்கொண்டு அங்குப் பிள்ளைகளுக்கான விளையாட்டு இடங்களும் நடவடிக்கைகளும் ஏற்படுத்தப்பட்டன.

உல்லாசத் தலத்தில் தங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகாது. இதை உணர்ந்த தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், 1988ஆம் ஆண்டில் பாசிர் ரிஸ் கடற்கரை அருகே தொழிலாளர் குடும்பங்களுக்காக ஓர் உல்லாசத் தலத்தைத் திறந்தது. இன்று டௌன்டவுன் ஈஸ்ட் என்று அழைக்கப்படும் இடம் அதுவே. அங்குள்ள சிறுவீடுகளில் உறவினர்கள் ஒன்றுகூடுவதும், இரவில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவதும், பிள்ளைகள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுப்பதும் பல சிங்கப்பூர்க் குடும்பங்களின் விடுமுறை நினைவுகளாகும். 2004இல் அங்கு நீர் விளையாட்டுப் பூங்காவும் திறக்கப்பட்டது.

போக்குவரத்து வளர வளரக் கடற்கரையும் நெருங்கி வந்தது. 2003ஆம் ஆண்டில் வடக்குக் கிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன்பின், லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறும் குடும்பம் இடையில் வேறு ரயிலுக்கு மாறாமலே ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்க முடிந்தது. 2007இல் செந்தோசா விரைவு ரயில் ஓடத் தொடங்கியதும், அங்கிருந்து தீவுக்குச் செல்வதும் எளிதாயிற்று.

அட்டவணைக்குப் பின்னால்

பிள்ளைகளின் நடவடிக்கை அட்டவணையைப் பார்ப்பவருக்கு அது விளையாட்டுப் பட்டியலாகவே தெரியும். ஆனால், அதை வகுப்பவர் முதலில் எண்ணிப் பார்ப்பது வெயிலையும் இடியையும் கடலையும்தான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. இங்கு நண்பகலை ஒட்டிய நேரத்தில் புறஊதாக் கதிர்கள் மிகக் கடுமையாக இருக்கும். அதனால்தான் ஓட்டமும் மணல் விளையாட்டும் காலையிலோ மாலையிலோ அமைகின்றன. ஓவியம், கதை சொல்லுதல், கைவினை போன்றவை நண்பகலில் கூரைக்குக் கீழே நடைபெறுகின்றன.

அடுத்தது இடி. சிங்கப்பூரில் ஆண்டின் நாள்களில் பாதிக்குச் சற்றே குறைவான நாள்களில் இடி இடிக்கிறது. திறந்தவெளிக் கடற்கரையில் நிற்பவருக்கு மின்னல் பேராபத்து. ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று வினாடி எடுக்கும். ஆகவே, மின்னல் தெரிந்து முப்பது வினாடிக்குள் இடியோசை கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளது என்று கணக்கிடலாம். உடனே அனைவரையும் கட்டடத்திற்குள் அழைத்துச் செல்ல வேண்டும். கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னரே மீண்டும் வெளியே வரலாம். "மழைதான் பெய்யவில்லையே!" என்று பிள்ளைகள் முணுமுணுத்தாலும், பொறுப்பாளர் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, கடல்நீரின் ஏற்றமும் வற்றமும். சிங்கப்பூரில் பெரும்பாலான நாள்களில் கடல்நீர் இருமுறை ஏறி இருமுறை வற்றும். அந்த நேரம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று மணற்கோட்டை கட்டிய இடம் இன்று அதே நேரத்தில் ஓரளவு நீருக்குள் இருக்கக்கூடும்.

மணற்கோட்டையும் வெறும் பொழுதுபோக்கன்று. உலர்ந்த மணலைக் குவித்தால் அது 30 முதல் 35 டிகிரிச் சாய்வுக்குமேல் நிற்காமல் சரிந்துவிடும். சிறிதளவு நீர் சேர்ந்தால், மணல்துகள்களுக்கு இடையே நீர் மெல்லிய பாலம்போல் அமைந்து அவற்றைப் பற்றிக்கொள்ளும். அப்போது செங்குத்தான சுவரையும் எழுப்பலாம். நீர் மிகுந்துவிட்டால் அப்பாலங்கள் மறைந்து சுவர் சேறாகி விழும். இதை ஒரு பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கோட்டைகள் சரிந்தால், மூன்றாவதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பது அதன் கைக்கே தெரிந்துவிடும்.

ஓசையில்லாத ஆபத்து

கடற்கரை நடவடிக்கைகளில் மிகப் பெரிய பொறுப்பு நீர்ப் பாதுகாப்பு. நீரில் மூழ்குபவர் கைகளை வீசி உரக்கக் கத்துவார் என்று பலர் எண்ணுகின்றனர். திரைப்படங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில், மூழ்குபவரின் வாய் நீருக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து எழுவதால், அவருக்கு மூச்சு விடவே நேரம் போதாது. பிறகு எங்கே கத்துவது? அருகில் இருப்பவர்கள் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால்தான் பொறுப்பாளர்கள் பிள்ளைகளை வயதுக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரிக்கின்றனர். அடிக்கடி தலைகளை எண்ணுகின்றனர். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடையே, உயிர்காப்பாளரின் பார்வை படும் இடத்தில் மட்டுமே குளிக்கச் சொல்கின்றனர்.

நீச்சல் கற்பிப்பதும் இந்தப் பொறுப்பின் ஒரு பகுதியே. லிட்டில் இந்தியாவுக்கு அருகில் இருந்த மவுண்ட் எமிலி நீச்சல் குளம் 1931இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் அதுவே. 1957இல் ஃபேரர் பார்க் நீச்சல் குளமும் வந்தது. கடலை எட்டியே பார்த்த நகரப் பிள்ளைகளும் நீரோடு பழக இவை வழிசெய்தன. 2010ஆம் ஆண்டில் அறிமுகமான 'சுவிம்சேஃபர்' திட்டம், நீந்துவதோடு நீரில் உயிரைக் காத்துக்கொள்ளும் முறைகளையும் கற்பிக்கிறது.

பெரியவர்கள் எங்கே நிற்க வேண்டும்?

இவ்வளவு திட்டமிட்டால் விளையாட்டு விளையாட்டாகவே இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு நிமிடமும் நிரப்பப்பட்ட அட்டவணையில், பிள்ளை தானாக எதையும் தொடங்க இடமிருக்காது. "அடுத்து என்ன செய்யணும்?" என்று பெரியவரின் முகத்தைப் பார்த்து நிற்கும் பழக்கம் வந்துவிடும். யார் தலைவர், என்ன விதி, தோற்றவர் அழுதால் என்ன செய்வது என்பவற்றைப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் வாய்ப்பும் குறையும். 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளைகளின் உரிமைகளாகக் குறிப்பிடுகிறது. உரிமை என்றால் அதில் பிள்ளையின் விருப்பத்திற்கும் பங்கு இருக்க வேண்டும்.

அதற்காகப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி ஒன்றை டென்மார்க் காட்டியது. 1943ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் புதுவகை விளையாட்டிடம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கு ஊஞ்சலோ சறுக்கு மரமோ முதன்மையாக இல்லை. பழைய பலகைகளும் செங்கற்களும் கருவிகளும் இருந்தன. பிள்ளைகள் விரும்பியதைக் கட்டினர், பிடிக்காவிட்டால் பிரித்தனர். ஒரு பெரியவர் உடனிருந்தார். அவர் கட்டளையிடவில்லை, ஆபத்து வந்தால் மட்டும் தலையிட்டார். கடற்கரையிலும் இதைச் செய்யலாம். எல்லையைப் பெரியவர் வகுக்கட்டும். எல்லைக்குள் நடக்கும் ஆட்டத்தைப் பிள்ளைகள் வகுக்கட்டும்.

பணம் செலவழிக்காமலும் இத்தகைய அனுபவத்தைப் பெறலாம். நிலமீட்பால் உருவான ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடற்கரை எல்லாருக்கும் உரியது. உபின் தீவின் செக் ஜாவாவில் கடல்நீர் வற்றும்போது, நட்சத்திர மீன், கடல் அட்டை, நண்டு வகைகள் ஆகியவற்றின் வாழிடம் வெளிப்படுகிறது. 2001ஆம் ஆண்டில் அவ்விடம் நிலமீட்புக்கு உள்ளாகவிருந்தது. அப்போது, பிள்ளைகளோடு குடும்பங்கள் பல அங்குச் சென்று, தன்னார்வலர்களின் வழிகாட்டுதலில் அவ்வுயிர்களைப் பார்த்தன. இயற்கை ஆர்வலர்களும் அறிவியலாளர்களும் கருத்துகளை எடுத்துரைத்தனர். அவ்வாண்டு இறுதியில் நிலமீட்பு தள்ளிவைக்கப்பட்டது. இன்றும் மாணவர்கள் அங்குள்ள மரப்பாதையில் நடந்து அவ்வாழிடத்தைக் காண்கின்றனர்.

அதே உபின் தீவில்தான் 1967 முதல் அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர் இயங்கி வருகிறது. உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கான ஐந்து நாள் முகாமில், துடுப்புப் படகை எந்தப் பக்கம் செலுத்துவது என்று குழுவே பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும். பயிற்றுவிப்பாளர் அருகில்தான் இருப்பார். உயிர்காப்பு அங்கி சரியாகக் கட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பார். படகு சற்றுத் தவறான திசையில் சென்றால் உடனே திருத்தமாட்டார். துடுப்புப் பிடித்தவர்கள் தாங்களே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பார்.