நாற்றம் வரும் வழி

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் லாடர்டேல் என்றொரு கடலோர நகரம். ஊருக்குள் தெருக்களைப் போலவே கால்வாய்களும் ஓடுகின்றன. பல வீடுகளில் வாசலில் கார் நிற்கும், கொல்லைப்புறத்தில் படகு நிற்கும். கோடையில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடும். கடல்நீரே 30 டிகிரி வரை சூடேறிவிடும். அந்தப் புழுக்கத்தில் ஃபைபர் கிளாஸ் படகின் அறைக்குள் ஏசி இல்லாமல் ஓர் இரவைக் கழிப்பது பெரும்பாடு. ஆனால் ஏசியைப் போட்டதும் அழுக்குச் சாக்ஸ் வாடையோ, அழுகிய முட்டை நாற்றமோ, டீசல் வீச்சமோ முகத்தில் அடிக்கிறது என்பது படகு வைத்திருப்பவர்களின் ஓயாத புலம்பல்.

வாசனைத் திரவியத்தை அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஏசியையே மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. காசு செலவழித்துப் புது இயந்திரம் வைத்த பிறகும் அதே நாற்றம் வந்தால் எப்படி இருக்கும்? அது பல படகுகளில் நடக்கிறது. காரணம் எளிது. ஏசி அறையின் காற்றை இழுத்து, குளிரவைத்து, திரும்ப ஊதும் இயந்திரம். அது எங்கிருந்து இழுக்கிறதோ அந்த இடத்தின் வாடைதான் நம் மூக்குக்கு வரும். ஆகவே தேட வேண்டியது காற்று வரும் வழியை.

வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. சிறு, நடுத்தரப் படகுகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, கட்டிலுக்கோ இருக்கைக்கோ அடியில் உள்ள அறையில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ளுகிறோம். படகில் கடல்நீரில் தள்ளுகிறார்கள். படகின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு வால்வு, பாசியையும் குப்பையையும் தடுக்க ஒரு வடிகட்டி, அடுத்து ஒரு பம்ப். பம்ப் தள்ளும் கடல்நீர் செம்பும் நிக்கலும் கலந்த குழாயில் சுற்றி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே கொட்டிவிடும். இந்தக் கடல்நீர் அறைக்காற்றைத் தொடுவதே இல்லை. இணைப்பில் கசிவு இருந்தால் ஒழிய நாற்றத்துக்கு இது காரணமாகாது. கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெள்ளை உப்புப் பொருக்கோ பச்சைக் களிம்போ படிந்திருக்கும், கண்ணுக்கே தெரியும்.

அறைப்பக்கம் வேறு கதை. இங்கே ஒரு கம்பித் தட்டி வழியாகக் காற்று உள்ளே வருகிறது. ஃபில்டரைக் கடந்து, அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோத்த குளிர்சுருளைத் தாண்டுகிறது. சுருளுக்குப் பின்னால் உள்ள விசிறி அதை உறிஞ்சி, குழல் வழியாக அறையின் மேற்பகுதிக்கு ஊதுகிறது. குளிர்சுருளின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடித்தட்டில் விழுந்து, ஒரு டிரெயின் ஹோஸ் வழியாக வடிகிறது. ஃப்ளோரிடா கோடையில் இப்படி ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் வடியும்.

நாற்றம் பிறக்கும் இடம் ஏசிக்குள்ளேயே இருக்குமானால் அது இந்த ஈரச் சுருளும் தட்டும்தான். தூசி, உதிர்ந்த தோல், நாய் முடி, சமையல் எண்ணெய்ப் படலம் எல்லாம் ஃபில்டரைத் தாண்டி வந்து ஒட்டிக்கொள்ள, அந்த ஈரத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. இந்த வாடை ஏசி போட்ட முதல் சில நிமிடங்களில் தூக்கலாக இருந்து, பிறகு அடங்கும். சூடாக்கவும் குளிராக்கவும் செய்கிற ‘ரிவர்ஸ் சைக்கிள்’ ஏசிகளில், மாற்றிப் போடும்போது குப்பென்று வரும்.

சுத்தம் செய்வது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். முதலில் மின்சாரத்தைப் பிரேக்கரிலேயே நிறுத்த வேண்டும். ஃபில்டரைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி, முழுக்கக் காயவைக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் சுருளின் முகப்பில் சாம்பல் நிறப் பஞ்சு போலப் படிந்திருப்பது தெரியும். அலுமினியத் தகடுகள் காகிதம்போல மெல்லியவை. குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும், மடங்கிய இடத்தில் காற்றும் போகாது. தகடுகள் ஓடும் திசையிலேயே மென்மையான பிரஷ்ஷால் வருட வேண்டும். பிறகு ஏசி சுருளுக்கென்றே விற்கும், உலோகத்தை அரிக்காத சோப்புக் கரைசலைத் தெளித்து, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பலர் பிளீச்சிங் திரவத்தை ஊற்றிவிடுகிறார்கள். அது பூஞ்சையைக் கொல்லும், கூடவே அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். ஊசித்துளை விழுந்தால் குளிரூட்டி வாயு போய்விடும். அடித்தட்டின் வழுவழுப்பைத் துடைத்தெடுத்து, டிரெயின் ஹோஸில் தண்ணீர் ஊற்றித் தடையில்லாமல் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். ரிவர்ஸ் சைக்கிள் வசதி இருந்தால், சுத்தம் செய்தபின் சில மணி நேரம் சூட்டில் ஓடவிட்டால் சுருள் நன்றாக உலரும். இன்னொரு விஷயம். கம்ப்ரஸர் நின்ற பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தால், சுருளில் நிற்கும் ஈரம் திரும்ப அறைக்கே வரும். கம்ப்ரஸரோடு சேர்ந்து விசிறியும் நிற்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால், பில்ஜைப் பார்க்க வேண்டும். படகின் தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்கு அந்தப் பெயர். கசியும் நீர், எஞ்சின் ஆயில், டீசல், குளித்த தண்ணீர், தலைமுடி எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு கிலோ கடல்நீரில் 2.7 கிராம் அளவுக்கு சல்பேட் இருக்கிறது. காற்றுப் படாமல் தேங்கிய நீரில், சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பில்ஜின் வாடை கட்டிலறைக்கு எப்படி வருகிறது? விசிறி உறிஞ்சும்போது ஏசி இருக்கும் அறையில் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. கம்பித் தட்டி வழியாகத் தாராளமாகக் காற்று வந்தால் பிரச்சினை குறைவு. ஆனால் படகில் இடம் ஏது? அந்தத் தட்டியின் முன்னால்தான் லைஃப் ஜாக்கெட்டும் கயிற்றுச் சுருளும் தலையணையும் அடைந்து கிடக்கும். அப்போது விசிறி மின்வயர் போகும் துளை, குழாய் போகும் துளை, பலகை இடுக்கு என்று கிடைக்கும் வழியிலெல்லாம் பில்ஜ் காற்றை இழுத்துக்கொள்ளும். டிரெயின் ஹோஸின் முனை பில்ஜில் விடப்பட்டிருந்தால், அதுவே ஓர் உறிஞ்சுகுழல்.

சோதித்துப் பார்க்க ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் போதும். மெல்லிய நாடாவாகக் கிழித்து, விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் ஹோஸ் முனைக்கும் அருகே பிடியுங்கள். நாடா துளையை நோக்கி வளைந்தால் காற்று அந்த வழியாகப் போகிறது என்று அர்த்தம். ஊதுபத்திப் புகையை இங்கே பயன்படுத்தவே கூடாது. பெட்ரோல் ஆவி தங்கும் இடம் அது.

துளைகளை அடைப்பதும், தட்டியின் முன்னால் இருப்பதை அப்புறப்படுத்துவதும் பாதி வேலை. டிரெயின் ஹோஸில் நம் வீட்டு வாஷ்பேசினுக்கு அடியில் இருப்பதுபோல ஒரு U வளைவு வைத்தால், அதில் நிற்கும் நீர் காற்றைத் தடுக்கும். பல வாரம் ஏசி ஓடாமல் இருந்தால் அந்த நீர் வற்றிவிடும். சீசன் தொடங்கும்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். பில்ஜையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, உலரவைக்க வேண்டும். சோப்பைக் கொட்டிவிட்டு பம்ப் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது, எண்ணெய் கலந்த நீரைக் கால்வாயில் கொட்டுவதாகத்தான் முடியும்.

படகு நாற்றத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதியவர் பெகி ஹால் என்ற அமெரிக்கப் பெண்மணி. கழிவறை ஹோஸ்களின் மேல் கவனம் வைக்கச் சொல்பவர்களில் அவர் முக்கியமானவர். பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே கழிவின் வாடை ஊறி வெளிவரும், கசிவே இருக்காது. சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸில் சுற்றி, ஆறியதும் எடுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும். துணியில் வாடை ஏறியிருந்தால் ஹோஸை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கருகும் வாடை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஓசோன் கருவிகளை வாங்காதீர்கள். அவை ரப்பரைக் கெடுக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. 254 நானோமீட்டர் புற ஊதா விளக்குகள் சுருளின் மேலுள்ள கிருமிகளைக் கொல்லும், ஆனால் பில்ஜிலிருந்து காற்று வரும் வழியை அடைக்காது.

அந்த வழியைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை மட்டுமல்ல. பில்ஜ் நாற்றம் வரும் பாதையில் கார்பன் மோனாக்சைடும் வரும். எஞ்சின், ஜெனரேட்டர் புகையில் இருக்கும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்குவதால், கடல்பயணக் குமட்டல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். சிலர் எழுவதே இல்லை. யூட்டா–அரிசோனா எல்லையில் உள்ள பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் ஒரு படகுவீட்டின் பின்தளத்துக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகையால் இரண்டு சிறுவர்கள், உடன்பிறந்தவர்கள், இறந்தார்கள். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதன் பின் அத்தகைய படகுகளை அளந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அந்த நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 1,200 பங்கு. தளத்துக்கு அடியில் இருந்த குழிவுகளில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. அந்தச் சிறுவர்கள் ஏசி வழியாக அல்ல, திறந்த நீரில், புகை வரும் இடத்தில் அதைச் சுவாசித்தார்கள். மூடிய அறைக்குள் ஒரு விசிறி அதே புகையை இழுத்து வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவேதான் படகு ஏசி தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளில், டிரெயின் ஹோஸை எஞ்சின் அறையிலோ, திறந்த பில்ஜிலோ, புகைபோக்கியின் வெளிவாயிலிலிருந்து மூன்று அடிக்குள்ளோ விடக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். மூடிய சம்ப் பெட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது படகுக்கு வெளியே புகைக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும். ஆனால் அவசரமாகப் பொருத்திய பல ஏசிகளில் ஹோஸ் கைக்கு எட்டிய பள்ளத்தில்தான் கிடக்கிறது. பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகைகூட உள்ளே வரலாம்.

படகில் ஏசி வைத்திருப்பவர்களும், படகில் இரவு தங்கப் போகிறவர்களும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றே டிரெயின் ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். உறங்கும் ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் கத்துகிறதா என்று பாருங்கள். ஸ்பிரே டப்பாவை அதன் பிறகு வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் தேவைப்படாது.