பத்து ஆட்டம், பூஜ்யம் புள்ளி

குட்டி நாடுகளின் கால்பந்து – 11

2018 செப்டம்பர் 8. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம். ரஷ்ய உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் பெனால்ட்டியைத் தடுத்து அர்ஜென்டினாவை 1-1 என்று திருப்பி அனுப்பிய ஐஸ்லாந்து, மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் ஒரு புதிய போட்டியில் கால் வைக்கிறது. யூஃபா நேஷன்ஸ் லீக், ஏ பிரிவு. இடைவேளையில் 0-2. முடியும்போது 0-6. சூபர், ஜகாரியா, ஷாகிரி, செஃபெரோவிச், அயெட்டி, மெஹ்மெதி என்று ஆளுக்கொரு கோல். யாரும் இரண்டாவது கோல் அடிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

புதுப் பயிற்சியாளர் எரிக் ஹாம்ரேனுக்கு அதுதான் முதல் ஆட்டம். ஸ்வீடன்காரர், சொந்த நாட்டு அணியை ஏழு வருடம் நடத்தியவர். பல் மருத்துவராக இருந்துகொண்டே பயிற்சியாளரான ஹெய்மிர் ஹால்கிரிம்ஸன் உலகக் கோப்பை முடிந்ததும் விலகிப்போக, அந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார். மூன்றே நாளில் ரெய்க்யாவிக்கில் பெல்ஜியத்திடம் 0-3. அக்டோபரில் சுவிட்சர்லாந்திடம் சொந்த மண்ணில் 1-2. நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் 0-2. நாலு ஆட்டம், நாலு தோல்வி. அடித்தது ஒரே கோல்: ரெய்க்யாவிக்கில் ஆல்ஃப்ரெட் ஃபின்போகாசன் தொலைவிலிருந்து உதைத்தது. அழகான கோல்தான், ஆனால் அதற்குள் எதிரணி இரண்டு அடித்திருந்தது.

இவ்வளவு பெரிய இடத்தில் இந்தக் குட்டி நாட்டை யார் கொண்டுபோய் வைத்தது? ஐஸ்லாந்தேதான். நட்பு ஆட்டங்கள் சுவாரஸ்யமில்லாமல் போய்விட்டன என்று யூஃபா இந்த லீக்கை உருவாக்கியது. 55 நாடுகள், நாலு அடுக்கு. மேல் அடுக்கான ஏ பிரிவில் 12 நாடுகள். அடுக்குப் பிரித்தது 2017 அக்டோபர் தரவரிசையை வைத்து. அதில் ஐஸ்லாந்து பத்தாவது. பதினொன்றாவது குரோஷியா, பன்னிரண்டாவது நெதர்லாந்து. இது கணக்கில் நேர்ந்த பிசகு இல்லை. நெதர்லாந்தை 2016 யூரோ தகுதிச் சுற்றில் உள்ளூர், வெளியூர் இரண்டிலும் வென்றவர்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குரோஷியாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவர்கள். மூன்றரை லட்சம் பேர் உள்ள நாடு வியர்வை சிந்திச் சம்பாதித்த இடம் அது.

ஆனால் தரவரிசை நேற்றைய கணக்கு. ஆடுவது இன்றைய கால்கள். சென்ற வாரம் பார்த்த அந்த அணியின் முதுகெலும்பு 2011இல் டென்மார்க்கில் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ ஆடிய பையன்கள்: கில்ஃபி சிகுர்ட்ஸன், ஆரோன் குன்னார்சன், பிர்கிர் பியார்னாசன், ஆல்ஃப்ரெட். ஒரே தலைமுறை சேர்ந்து வளர்ந்தது, சேர்ந்து வென்றது. சேர்ந்தேதான் வயதாகவும் செய்தது. 2018 ஜனவரியில் இந்தோனேசியாவை இரண்டு முறை வென்றதோடு சரி, அந்த வருடம் முழுக்க வேறு வெற்றியே கிடையாது. அக்டோபரில் உலகச் சாம்பியன் பிரான்ஸை அவர்கள் மண்ணிலேயே ஒரு நட்பு ஆட்டத்தில் 2-0 என்று பின்தள்ளி நின்றார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டையும் விட்டுக்கொடுத்து டிரா. கடைசி நிமிடங்களில் கோட்டை விடும் இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு தோல்விக்குக் கூலி, கீழ் அடுக்கு. அப்படித்தான் விதி சொன்னது. ஆனால் 2019 செப்டம்பரில் யூஃபா விதியையே மாற்றியது. ஏ பிரிவு இனி 16 நாடுகள். எனவே யாரும் இறங்க வேண்டாம். அந்தச் சலுகையில் பிழைத்தவர்கள் ஐஸ்லாந்து மட்டுமல்ல. ஜெர்மனியும் குரோஷியாவும் போலந்தும்தான். ஜெர்மனிக்கு அது மானம் காத்த செய்தி. ஐஸ்லாந்துக்கோ இன்னும் ஆறு ஆட்டம் அடி வாங்க அனுமதிச் சீட்டு.

இடையில் ஒரு விஷயம் நடந்தது, இந்தக் கதையின் விநோதமே அதுதான். யூரோ 2020 தகுதிச் சுற்றில் ஐஸ்லாந்து பிரான்ஸுக்கும் துருக்கிக்கும் அடுத்து மூன்றாவது; நேரடி வாய்ப்பு போயிற்று. ஆனால் நேஷன்ஸ் லீக் வழியாகப் பிளே-ஆஃப் என்று இன்னொரு வாசல் இருந்தது. ஏ பிரிவின் 12 நாடுகளில் 11 நாடுகள் நேரடியாகவே தகுதி பெற்றுவிட்டதால், அந்த வாசலில் நின்ற ஒரே ஏ பிரிவு நாடு ஐஸ்லாந்து. நாலிலும் தோற்ற அணிக்கு ஏ பிரிவின் பெயரில் ஓர் இடம், அதுவும் அரையிறுதி சொந்த ஊரில்! அந்தப் பிளே-ஆஃபில் மற்ற மூன்று பேர் ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி. தோல்விக்கு இப்படி ஒரு பரிசை நான் வேறெந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. அநியாயம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய ஆறேழு வருட உழைப்புக்கு வர வேண்டிய பாக்கி தாமதமாகக் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நடக்க வேண்டிய பிளே-ஆஃப் கொரோனாவால் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் செப்டம்பரில் லீக்கின் இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. இந்த முறை இங்கிலாந்து, பெல்ஜியம், டென்மார்க். முதல் ஆட்டம், காலி மைதானம், இங்கிலாந்து. கைல் வாக்கர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, இங்கிலாந்து பத்துப் பேர். 90 நிமிடம் வரை 0-0. அப்போது சுவெரிர் இங்காசன் கையில் பந்து பட்டது. பெனால்ட்டி, அவருக்கும் சிவப்பு அட்டை. ஸ்டெர்லிங் அடித்தார், 0-1. அடுத்த நிமிடமே மறுபக்கம் ஜோ கோமஸ் ஹோல்ம்பெர்ட்டைத் தள்ள, ஐஸ்லாந்துக்கும் பெனால்ட்டி. ஒரு புள்ளி, லீக்கில் முதல் புள்ளி, பன்னிரண்டு கெஜத் தொலைவில். பிர்கிர் பியார்னாசன் ஓடி வந்து உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது.

அதன் பிறகு பிரஸ்ஸல்ஸில் முதல் கோலை அடித்தும் 1-5.

அக்டோபர் 8 அன்று பிளே-ஆஃப் அரையிறுதிக்காக ரெய்க்யாவிக்கில் மூத்தவர்கள் எல்லாம் ஒன்றுகூடினார்கள். கில்ஃபி முதல் பாதியிலேயே இரண்டு கோல், ருமேனியாவை 2-1 என்று வென்றார்கள். 2016இல் நீஸ் நகரில் இங்கிலாந்தை விரட்டிய அதே முகங்கள். தடுப்பாட்டத்தில் நின்ற காரி ஆர்னாசனுக்கு ஐந்து நாளில் 38 வயது. அவ்வளவு நாள் கழித்து வந்த வெற்றியின் சூட்டோடு லீக்குக்குத் திரும்பினால், டென்மார்க்கிடம் 0-3, பெல்ஜியத்திடம் 1-2.

நவம்பர் 12, புடாபெஸ்ட். ஒரே ஆட்டம், வென்றால் யூரோ. பதினொன்றாவது நிமிடம் கில்ஃபியின் ஃப்ரீ கிக். ஹங்கேரி கோல்கீப்பர் குலாச்சி கையில் வாங்கி நழுவ விட்டார். 1-0. அதற்குப் பிறகு முக்கால் ஆட்டத்துக்கு மேல் ஐஸ்லாந்து தெரிந்த வித்தையைச் செய்தது: இரண்டு வரிசை, நெருக்கமான நிற்பு, பந்து கிடைத்தால் தொலைவில் தூக்கி அடி. 88ஆவது நிமிடம் நேகோ சமன் செய்தார். கூடுதல் நேரத்துக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, 92ஆவது நிமிடம் டொமினிக் சோபோஸ்லாய் நடுவட்டப் பக்கத்திலிருந்து தனியாக ஓடி வந்து பெட்டிக்கு வெளியே இருந்தே அடித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதற்கு நாலே நிமிடம் போதுமாக இருந்தது.

அந்தத் துக்கத்தோடு இன்னும் இரண்டு லீக் ஆட்டம் பாக்கி. விலகப் போவதாக ஹாம்ரேன் அறிவித்துவிட்டார். கோபன்ஹேகனில் விதார் கியார்தான்சன் 85ஆவது நிமிடம் சமன் செய்ய, முதல் புள்ளி மறுபடி கையெட்டும் தூரத்தில். காயத்துக்கான நேரத்தில் எரிக்சன் பெனால்ட்டி, 1-2. அடுத்தது லண்டன். ஆனால் டென்மார்க்கின் மிங்க் பண்ணைகளில் உருமாறிய கொரோனா பரவியதால் அங்கிருந்து வருபவர்களுக்கு பிரிட்டன் தடை போட்டிருந்தது. ஆட்டத்தை வேறு நாட்டுக்கு மாற்றலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. கடைசியில் ஐஸ்லாந்து அணிக்கு விலக்குக் கிடைத்தது. விலக்கு வாங்கிப் போய் வெம்ப்லியில் வாங்கியது நாலு கோல். ரைஸ், மவுன்ட், ஃபோடன் இரண்டு. அதே இரவில் மாற்று வீரராக இறங்கிய 17 வயது ஈசாக் பெர்க்மான் யோஹானஸனை, முடிவு தெரிந்துபோன ஆட்டத்தில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு பருவம் சேர்த்து பத்து ஆட்டம், பத்துத் தோல்வி. அடித்தது 4, வாங்கியது 30. இந்த முறை விதி மாற்றம் எதுவும் வந்து காப்பாற்றவில்லை. பி பிரிவுக்கு இறக்கம்.

தகுதிக்கு மீறிய இடத்தில் வைத்ததால்தான் சீரழிந்தார்கள் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. அதே மூத்தவர்கள் 2019இல் துருக்கியை 2-1 என்று வென்றார்கள். எதிரணி பெரிது என்பதைவிட, பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டி மாற்று ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. ஒருவர் காயம்பட்டால் பெரிய நாடு அடுத்தவரை எடுக்கும். ஐஸ்லாந்து காத்திருக்க வேண்டும். 2011 தலைமுறைக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அப்போது பள்ளிக்கூடப் பையன்கள்.

பி பிரிவில் 2022இல் நடந்தது இன்னும் வேடிக்கை. குழுவில் இருந்த ரஷ்யா தடை செய்யப்பட்டதால் இஸ்ரேலும் அல்பேனியாவும்தான் மிச்சம். நாலு ஆட்டமும் டிரா: 2-2, 1-1, 2-2, 1-1. தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. மற்ற குழுக்களில் கடைசி இடத்து அணியுடனான ஆட்டங்களைக் கழித்துத்தான் தரவரிசை போடுவார்கள். கழித்துப் பார்த்தால் ஹாலண்ட் ஆடும் நார்வேக்கும் நாலே புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஐஸ்லாந்து மேலே. யூரோ 2024க்கான பிளே-ஆஃப் வாசல் மறுபடி திறந்தது, நார்வே வெளியே நின்றது.

2024 மார்ச்சில் இஸ்ரேலை 4-1 என்று வென்றார்கள். ஆல்பெர்ட் குட்முண்ட்ஸன் மூன்று கோல். இறுதி ஆட்டம் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில், உக்ரைனுடன். முப்பதாவது நிமிடம் ஆல்பெர்ட் அடித்து 1-0. இடைவேளைக்குப் பின் சிஹான்கோவ் சமன் செய்தார். 84ஆவது நிமிடம் முட்ரிக் அடித்தார். ஒரு வருடம் கழித்து 2025 மார்ச்சில், பி பிரிவில் நீடிக்க கொசோவோவுடன் இரண்டு ஆட்டம். ரெய்க்யாவிக் மைதானத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால் சொந்த ஊர் ஆட்டத்தை ஸ்பெயினின் முர்சியாவில் ஆட வேண்டியிருந்தது. அங்கும் இரண்டாவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்று, 1-3 என்று தோற்று, சி பிரிவுக்கு இறங்கினார்கள்.

(தொடரும்)